நியமகிரி: சுரங்கம், காடு, ஊரின் ஒப்புதல்

சுரங்கம், காடு, அங்கே வாழும் பழங்குடி மக்களின் உரிமை ஆகிய மூன்றும் ஒரே மலையில் மோதின. அந்த மோதல் அரசு அலுவலகங்கள், நிபுணர் குழுக்கள், உச்ச நீதிமன்றம் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் ஊர்ப் பொதுவிடத்துக்கே திரும்பி வந்து தீர்ந்தது. அது நடந்த இடம் ஒடிசாவின் நியமகிரி. 2003இல் தொடங்கிய விவகாரம் 2014இல் முடிவுக்கு வந்தது. இத்தனை கோணங்களில் ஆராயப்பட்ட சுரங்கத் திட்டங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. வளர்ச்சிக்கும் இயற்கைக்கும் நடுவே சமநிலை வேண்டும் என்பதை மறுப்பவர் இல்லை. அந்தச் சமநிலையை யார் நிறுத்துப் பார்க்கிறார்கள், தராசு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வழக்கு. அதற்கு நியமகிரியைப் போலத் தெளிவான விடை தரும் இடம் வேறில்லை.

நியமகிரி, ஒடிசாவின் தென்மேற்கில் கலாஹண்டி, ராயகடா மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலைத்தொடர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. அடிப்பாறை கோண்டலைட். அங்கே வாழும் கோந்த் மக்களின் பெயரையே புவியியலாளர்கள் அந்தப் பாறைக்கு இட்டார்கள். வெயிலும் மழையும் நெடுங்காலம் மாறி மாறித் தாக்கியதில் பாறையின் மேற்பகுதியிலிருந்த சிலிக்கா கரைந்துபோக, அலுமினியம் செறிந்த பாக்சைட் உச்சியில் தங்கிவிட்டது. அதனால் இங்குள்ள மலைகள் பலவற்றின் தலைப்பகுதி தட்டையானது. அந்தத் தட்டையான தலைப்பகுதிதான் கனிமம்.

பாக்சைட் நுண்துளைகள் நிறைந்தது. பருவமழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த பிறகும் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியவிடும். மலைச்சரிவுகளில் கோடையிலும் வற்றாத ஓடைகள் இருப்பதற்கு இதுவே காரணம். வம்சதாரா ஆறு இப்பகுதியில் தோன்றி, ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டம் வழியாக ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. மற்ற பல சுரங்கங்களில் கனிமத்தை எடுக்க மேலே உள்ள காட்டையும் மண்ணையும் அகற்றுகிறார்கள். பணி முடிந்ததும் மண்ணைத் திரும்பக் கொட்டி மரம் நட்டுச் சேதத்தில் ஒரு பகுதியையாவது சரிசெய்ய முடிகிறது. நியமகிரியிலோ வெட்டி எடுக்கப்படவிருந்த பொருளே மலையின் நீர்த்தேக்கம். அதை எடுத்த பின் எத்தனை மரம் நட்டாலும் சுனைக்கு நீர் ஊறவைத்த அடுக்கு திரும்பாது. இந்த ஒரு புவியியல் உண்மையை முதலிலேயே எல்லாரும் ஏற்றிருந்தால் பத்தாண்டு வழக்கில் பாதி குறைந்திருக்கும்.

மலைமேல் வாழ்வோர் டோங்ரியா கோந்த் மக்கள். அவர்கள் தொகை ஏறத்தாழ 8,000. மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என அரசு வகைப்படுத்திய இனங்களில் ஒன்று. பேசுவது குவி மொழி. அது திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழுக்குத் தூரத்து உறவு. அடிவாரத்தில் குடியா கோந்த் மக்களும் பிறரும் வாழ்கிறார்கள். டோங்ரியாக்கள் சரிவுகளில் கேழ்வரகு, தினை போன்ற சிறுதானியங்களையும் துவரையையும் கலந்து விதைக்கிறார்கள். அன்னாசி, ஆரஞ்சு, வாழை, பலா, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றைச் சட்டிகோனா, முனிகுடா வாரச் சந்தைகளுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிறார்கள். கூந்தற்பனையிலிருந்து கள் இறக்குகிறார்கள். இவர்களது பெண்கள் ஊசிவேலை செய்யும் கப்டாகண்டா போர்வைக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வறுமையும் நோயும் பள்ளி இல்லாமையும் இங்கே உண்டு. மலை தரும் வாழ்வை வளமான வாழ்வு என்று வருணிப்பது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. ஆனால் சந்தைக்குக் கொண்டுபோகக் கையில் எப்போதும் ஏதோ ஒன்று இருக்கும் வாழ்வு அது. கூலிக்காக ஊரைவிட்டுப் போகும் கட்டாயம் அடிவாரத்தின் நிலமற்ற குடும்பங்களுக்கு இருந்த அளவு மலைமேல் இல்லை.

மலையின் தெய்வம் நியம ராஜா. டோங்ரியாக்கள் தங்களை அவருடைய வழித்தோன்றல்கள் என்று கருதுகிறார்கள். உச்சிகள் அவருக்குரியவை என்பதால் அங்கே உழுவதில்லை, மரம் வெட்டுவதில்லை. இந்த வழக்கம் நீரூற்றுகளைக் காத்து வந்திருக்கிறது என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். இருந்தாலும், அறிவியலோடு பொருந்தினால்தான் ஒரு மக்களின் வழிபாட்டுக்கு மதிப்பு உண்டு என்ற எண்ணத்துக்கு இந்த வாதம் இடம் கொடுத்துவிடக் கூடாது. வழிபாட்டுரிமை தனக்குத் தானே நிற்கும் உரிமை. உச்ச நீதிமன்றமும் பின்னர் அதை அப்படித்தான் பார்த்தது.

2003இல் வேதாந்தா குழுமம் ஒடிசா அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. மலையடிவாரத்தில் லாஞ்சிகட்டில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா உற்பத்தி செய்யும் ஆலை. அதற்கு வேண்டிய பாக்சைட்டை மாநில அரசின் ஒடிசா சுரங்கக் கழகம் நியமகிரி உச்சியிலிருந்து எடுத்துத் தரும். சுரங்கத்துக்குக் கேட்கப்பட்ட வனநிலம் சுமார் 660 ஹெக்டேர். கனிம இருப்பு 7 கோடி டன்னுக்குச் சற்று மேல்.

இங்கேதான் முதல் பிழை. ஆலையும் சுரங்கமும் ஒரே திட்டத்தின் இரு பாதிகள். ஆனால் 2004 செப்டம்பரில் ஆலைக்கு மட்டும் தனியாகச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. சுரங்கத்துக்கு வன அனுமதி கிடைக்குமா என்பது தெரியாமலே பெரும் முதலீட்டில் ஆலை எழுந்தது. கினாரி போன்ற அடிவார ஊர்களின் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. ஆலை எழுந்துவிட்டால் பிறகு சுரங்கத்தை மறுப்பது போட்ட முதலீட்டையும் வேலைவாய்ப்பையும் வீணாக்குவதாகத் தோன்றும். அனுமதி தருபவரின் கை முன்கூட்டியே கட்டப்பட்டுவிடும். உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த மத்திய அதிகாரக் குழு 2005 செப்டம்பரில் தந்த அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. நியமகிரியில் சுரங்கத்துக்கு வனநிலம் தருவது சரியல்ல என்றும் சொன்னது. திட்டத்தைத் துண்டு துண்டாக்கி அனுமதி வாங்கும் இந்த முறை நியமகிரியோடு நிற்கவில்லை. சாலை, ரயில் பாதை, கனிமம் கழுவும் ஆலை, துறைமுகம் என்று ஒரு சுரங்கத்தின் உறுப்புகள் தனித்தனிக் கோப்புகளாகப் போகும்போது மொத்தச் சேதம் எந்தக் கோப்பிலும் தெரிவதில்லை.

வழக்கின் முதல் சுற்றில் உச்ச நீதிமன்றம் சேதத்தைப் பணத்தால் ஈடுசெய்யும் வழியைத் தேர்ந்தது. 2007 நவம்பர் ஆணையில் நிபந்தனைகளை வகுத்து, 2008 ஆகஸ்டில் வனநிலத்தைச் சுரங்கத்துக்குத் தர இசைவளித்தது. வனத்தின் நிகர மதிப்புக்காக ஒரு தொகை, வனவிலங்கு மேலாண்மைக்கு ஒரு தொகை, பழங்குடியினர் மேம்பாட்டுக்கு ஒரு தொகை. இவை தவிர, ஆண்டு லாபத்தில் 5 விழுக்காடு அல்லது 10 கோடி ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது, வட்டார வளர்ச்சிக்கு. இந்த ஆணையை அலட்சியமானது என்று ஒதுக்கிவிட முடியாது. வறண்ட, பசி மிகுந்த மாவட்டமாக அறியப்பட்ட கலாஹண்டிக்கு வருவாய் வேண்டும் என்ற உண்மையான அக்கறை அதில் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு தரப்பிடம் கேள்வியே கேட்கப்படவில்லை. பழங்குடியினருக்கு எவ்வளவு தருவது என்று பேசிய ஆணை, அவர்கள் தருகிறார்களா என்று கேட்கவில்லை. வன உரிமைச் சட்டம் 2006 டிசம்பரில் நிறைவேறி, அப்போது நடைமுறைக்கும் வந்திருந்தது. அது அந்தச் சுற்றில் ஆராயப்படவே இல்லை.

அந்தச் சட்டம் சுரங்கத்தைப் பற்றிய சட்டம் அல்ல. தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்தும் ஆவணம் இல்லாததால் ஆக்கிரமிப்பாளர் என்று நடத்தப்பட்டவர்களின் உரிமையை அது ஏற்கிறது. தனிக் குடும்பத்தின் சாகுபடி நிலம், ஊருக்குப் பொதுவான காடு, மேய்ச்சல், நீர், வழிபாட்டிடம் எல்லாம் அதில் அடங்கும். உரிமைகளைத் தீர்மானிக்கும் பணி கிராம சபையில் தொடங்குகிறது. உரிமை ஏற்பும் சரிபார்ப்பும் முடியும்வரை யாரையும் காட்டு நிலத்திலிருந்து அகற்றக் கூடாது. இதன் தொடர்ச்சியாக 2009 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: வனநிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கோரும் விண்ணப்பத்தோடு, உரிமை வழங்கும் பணி முடிந்தது என்பதற்கும் கிராம சபைகள் சம்மதித்தன என்பதற்கும் சான்று இணைக்கப்பட வேண்டும். நியமகிரியின் போக்கை மாற்றியது இந்தத் தாள்தான்.

2010இல் என்.சி. சக்சேனா தலைமையில் நான்கு பேர் கொண்ட குழு மலைக்குப் போய் ஆகஸ்டில் அறிக்கை தந்தது. வன உரிமைச் சட்டம் அங்கே பின்பற்றப்படவில்லை என்பதைக் குழு ஊர் ஊராக விசாரித்துப் பதிவு செய்தது. ஆலை ஊர்ப் பொதுக்காட்டில் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டது என்றும், 10 லட்சம் டன் ஆலையை 60 லட்சம் டன்னாக விரிவாக்கும் வேலை அனுமதியின்றித் தொடங்கியது என்றும் கண்டது. உச்சியில் பெரிய மரங்கள் இல்லை, புல்வெளிதான், ஆகவே சேதம் குறைவு என்ற வாதத்துக்கும் குழு பதில் சொன்னது: மான் இனங்கள் குட்டி ஈன்று மேய்வதற்கு அந்தப் புல்வெளியே வேண்டும், மரம் குறைவு என்பதால் வெற்றிடம் ஆகிவிடாது.

எல்லாவற்றையும்விட ஆழமானது குழு போட்ட ஒரு எளிய கணக்கு. ஒரு டன் அலுமினாவுக்குச் சுமார் 3 டன் பாக்சைட் என்று கொண்டால், விரிவாக்கப்பட்ட ஆலைக்கு ஆண்டுக்கு 1.8 கோடி டன் வேண்டும். நியமகிரி உச்சியில் இருப்பது 7.2 கோடி டன். நான்கே ஆண்டுகளில் தீர்ந்துவிடும். நான்கு ஆண்டுத் தேவைக்காக, ஒரு மக்களினத்தின் தெய்வத்தையும் ஓர் ஆற்றின் தலைநீரையும் எடுத்துவிடலாமா? கேள்வி இப்படி வைக்கப்பட்ட பிறகு சமநிலை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிவது கடினமாயிற்று. 2010 ஆகஸ்ட் 24 அன்று, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இறுதி வன அனுமதியை மறுத்தார்.

ஒடிசா சுரங்கக் கழகம் மீண்டும் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், கே.எஸ். ராதாகிருஷ்ணன், ரஞ்சன் கோகோய் ஆகியோர் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் சாரம் இது: மலைவாழ் மக்களின் தனிப்பட்ட உரிமை, சமுதாய உரிமை, பண்பாட்டு உரிமை, சமய உரிமை ஆகியவை இந்தச் சுரங்கத்தால் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும். நியம ராஜாவை மலையுச்சியில் வழிபடும் உரிமையைச் சுரங்கம் எவ்வகையிலேனும் பாதிக்குமானால் அந்த உரிமை காக்கப்பட வேண்டும். வெளியார் தலையீடு இல்லாமல் சபைகள் நடக்க, மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள நீதித்துறை அதிகாரி ஒருவர் பார்வையாளராக இருக்கட்டும்.

இந்தத் தீர்ப்பு கிராம சபைக்கு முழு மறுப்பதிகாரம் தந்துவிட்டதாகச் சொல்வது மிகை. சபைகளின் முடிவை வைத்து இறுதி ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அமைச்சகத்திடமே இருந்தது. ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை பழங்குடி மக்கள் ஒரு திட்டத்தால் பாதிக்கப்படுவோர் பட்டியலில் இருந்தார்கள். இப்போது திட்டத்தைத் தீர்மானிப்போர் பட்டியலுக்கு வந்தார்கள். தெய்வம் எங்கே இருக்கிறது, எதுவரை இருக்கிறது என்பதை அந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள்தான் சொல்ல முடியும் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

மலைத்தொடரில் நூற்றுக்கு மேல் ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தது: ராயகடாவில் 7, கலாஹண்டியில் 5. மத்திய பழங்குடியினர் அமைச்சகம் இந்தத் தேர்வை எதிர்த்தது. பாதிக்கப்படும் எல்லா ஊர்களையும் கேட்க வேண்டும் என்றது. மாநிலம் மாறவில்லை. 2013 ஜூலை நடுவில் சேர்க்கபாடியில் முதல் பல்லி சபை கூடியது. ஒடிசாவில் ஊர்மட்டச் சபைக்கு வழங்கும் பெயர் அது. மழைக்காலம். காவல்துறையினர், அதிகாரிகள், செய்தியாளர்கள் எல்லாரும் மலை ஏறி வந்தார்கள். அதிகாரிகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய நிலத்துண்டை அளந்து, வழிபாட்டிடம் என்று ஒரு சிறு பரப்பைக் குறித்து, அதை ஏற்கச் சொன்னார்கள். மக்கள் அந்த அளவையே ஏற்கவில்லை. நியம ராஜா ஒரு கல்லிலோ ஒரு மரத்தடியிலோ மட்டும் இருப்பவர் அல்ல, மலை முழுவதும் அவரே என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். பெண்களும் முதியவர்களும் குவி மொழியில் பேசினார்கள். தீர்மானங்கள் ஒடியாவில் எழுதி வாசிக்கப்பட்டன. கையெழுத்தும் கைநாட்டும் இடப்பட்டன. ஆகஸ்ட் 19 அன்று ஜராபாவில் கடைசிச் சபை. பன்னிரண்டு ஊர்களும் மறுத்தன. ஓர் ஊர்கூட விலகவில்லை. 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. சபைகளை மறுபடி கூட்ட வேண்டும் என்று சுரங்கக் கழகம் 2016இல் கேட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

மறுப்புக்கும் விலை உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. லாஞ்சிகட்டில் ஆலையால் வேலையும் வியாபாரமும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். சுரங்கம் வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களும் உண்டு. ஆலை நிரந்தரமாக மூடப்படவில்லை, பாக்சைட் வேறு இடங்களிலிருந்து வந்தது. அதாவது நியமகிரி தப்பியபோது சுமை வேறு மலைகளின் மேல் விழுந்தது. அதே ராயகடா மாவட்டத்தின் காசிப்பூர் வட்டாரத்தில் வேறொரு திட்டத்துக்காகப் பாஃப்லிமலி மலை வெட்டப்படுகிறது. அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள்மீது 2000 டிசம்பரில் மைகாஞ்ச் ஊரில் காவல்துறை சுட்டதில் மூன்று பழங்குடியினர் இறந்தார்கள். கோராபுட் மாவட்டத்தின் பஞ்சபட்மலியில் பொதுத்துறை நிறுவனமான நால்கோ 1980கள் முதல் பாக்சைட் எடுக்கிறது. மின்கம்பி முதல் ரயில் பெட்டி வரை, சூரியத் தகட்டின் சட்டகம் வரை அலுமினியம் இல்லாமல் முடியாது. எனவே எங்குமே வெட்டக் கூடாது என்று சொல்லி நின்றுவிட முடியாது. எங்கே வெட்டலாம், எவ்வளவு, எந்த வேகத்தில், யாருடைய சம்மதத்தோடு என்பவைதான் விவாதிக்க வேண்டியவை. பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்தினால், புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் சுமார் 5 விழுக்காடு போதும். சுரங்கத்தின் தேவையைப் பேசுகிற திட்டங்கள் இந்தக் கணக்கையும் அதே பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

நீரும் காடும் போக, அலுமினாத் தொழிலுக்கு இன்னொரு சுமை உண்டு. பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினாவைப் பிரித்தபின் எஞ்சுவது காரம் மிகுந்த செஞ்சேறு. ஒரு டன் அலுமினாவுக்குப் பொதுவாக ஒரு டன்னோ அதற்கு மேலோ சேரும். 2010 அக்டோபரில் ஹங்கேரியின் ஆய்கா நகரருகே இத்தகைய குட்டையின் கரை உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். சுரங்கம் மூடப்பட்டாலும் குட்டை இருக்கும். அதைத் தலைமுறைகளுக்குக் காக்கும் செலவு லாபக் கணக்கில் சேர்க்கப்படாதவரை, திட்டம் லாபகரமானது என்ற முடிவு அரைக்கணக்குதான்.

இந்தியச் சட்டத்தில் பழங்குடிப் பகுதிகளுக்கான பாதுகாப்பு மூன்று அடுக்குகளாக வளர்ந்தது. முதலாவது, அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணை. 1997இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், அட்டவணைப் பகுதிகளில் அரசு நிலத்தைப் பழங்குடியல்லாத தனியாருக்குச் சுரங்கக் குத்தகைக்கு விடுவது செல்லாது என்றது. சுரங்கம் நடந்தால் நிகர லாபத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அப்பகுதி மக்களின் மேம்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. இரண்டாவது, அட்டவணைப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம். மரபையும் பண்பாட்டையும் பொது வளங்களையும் காக்கும் தகுதி கிராம சபைக்கு உண்டு என்று அது ஏற்றது. மூன்றாவது, வன உரிமைச் சட்டம். நியமகிரித் தீர்ப்பு பின்னிரண்டையும் சேர்த்துப் படித்ததால் வலுப் பெற்றது.

தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகவே 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்தாது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டப்பட்டது. இரண்டிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அந்த ஆலையும் பின்னாளில் வேதாந்தா குழுமத்தின் கைக்கு வந்தது. ஒரே கனிமம், ஒரே தொழில், ஆனால் மலைமக்களுக்குச் சட்டம் தரும் கவசம் ஒடிசாவில் மூன்றடுக்கு, தமிழ்நாட்டில் ஓரடுக்கு. வன உரிமைச் சட்டம் மட்டுமே தமிழக மலைகளுக்குத் துணை. எனவே அதன்கீழ் சமுதாய வன உரிமைகளைப் பதிவு செய்வது இங்கே இன்னும் அவசரமான வேலை.

சம்மதம் கேட்டால் எல்லாரும் மறுத்துவிடுவார்கள், பிறகு சுரங்கமே நடக்காது என்ற அச்சம் பலருக்கு உண்டு. அலாஸ்காவின் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கம் இதற்கு மறுமொழி. அந்த நிலம் இன்யூபியட் மக்களின் நானா நிறுவனத்துக்குச் சொந்தம். 1982இல் அவர்களே சுரங்க நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, 1989இல் உற்பத்தி தொடங்க அனுமதித்தார்கள். முதலீடு மீண்ட பிறகு நிகர வருவாயில் அவர்கள் பங்கு 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு கூடி, பாதிவரை உயரும். வேட்டையில் வாழும் ஊர்களின் பெரியவர்கள் கொண்ட குழு ஒன்று உண்டு. கரிபூ மான் கூட்டங்கள் வலசை போகும்போது சுரங்கச் சாலையில் லாரிகள் நிறுத்தப்படுகின்றன. குறையில்லாத ஏற்பாடு அல்ல இது. கீழ்நீரோட்டத்தில் உள்ள கிவலினா ஊர் மக்கள் நீர் மாசு குறித்து வழக்காடினார்கள். ஆனாலும் மான் கூட்டத்துக்காக லாரி நிற்கும் நிலை எப்படி வந்தது என்பது கவனிக்கத்தக்கது. நிறுவனத்தின் கருணையால் அது வரவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை நில உரிமையாளரான மக்களிடம் இருந்ததால், அவர்கள் வைத்த நிபந்தனைக்கு எடை இருந்தது.

அந்த உரிமை இல்லாத இடத்தில் சட்டப்படி நடப்பதே போதாது என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில், இரும்புத்தாதுச் சுரங்க விரிவாக்கத்துக்காக ரியோ டின்டோ நிறுவனம் ஜூக்கன் பள்ளத்தாக்கின் பாறைக்குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கியதற்குச் சான்றுகள் இருந்த இடம் அது. பூட்டு குண்டி குர்ராமா, பினிகூரா மக்களின் புனிதத் தலம். 2013இல் பெற்ற அரசு அனுமதி நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த அனுமதிக்குப் பிறகு நடந்த அகழாய்வில் குகையின் அருமை தெரிந்தும், அனுமதியை மறுபரிசீலனை செய்ய மக்களுக்கு அன்றைய சட்டத்தில் வழி இருக்கவில்லை. எழுந்த கண்டனத்தில் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. குகை திரும்பவில்லை.

2007இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், தடையற்ற, முன்கூட்டிய, விவரமறிந்த சம்மதம் என்று கூறுவது இதற்காகத்தான். இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. தடையற்ற என்றால் காவல்துறை சூழ நிற்காத கூட்டம். முன்கூட்டிய என்றால் ஆலை எழுவதற்கு முன். விவரமறிந்த என்றால் எத்தனை ஆண்டு வெட்டுவார்கள், எந்தச் சுனை வற்றும், சேறு எங்கே தங்கும் என்பதெல்லாம் மக்களின் சொந்த மொழியில் சொல்லப்பட்ட பின். நியமகிரியில் இவற்றில் முன்கூட்டிய என்பது தவறிப்போனது. மீதி இரண்டும் பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகே ஓரளவு கைகூடின.

இழப்பீடு சம்மதத்தின் இடத்தில் அமரும்போதுதான் தீங்கு. சுரங்கச் சட்டத்தின் 2015 திருத்தத்தால் உருவான மாவட்டக் கனிம நிதியத்துக்குச் சுரங்க நிறுவனங்கள் உரிமத்தொகையின் ஒரு பங்கைச் செலுத்துகின்றன: பழைய குத்தகைகளுக்கு 30 விழுக்காடு, ஏலத்தில் பெற்றவற்றுக்கு 10 விழுக்காடு. நல்ல ஏற்பாடு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் பெரும் தொகை வருகிறது. ஆனால் அது சுரங்கம் தொடங்கிய பிறகு வரும் பணம். ஈடுசெய் காடு வளர்ப்பும் அப்படியே. வெட்டப்பட்ட இயற்கைக் காட்டுக்குப் பதில் வேறொரு மாவட்டத்தில் தேக்கோ தைலமரமோ நடப்படும்போது, கணக்கேட்டில் காட்டின் பரப்பு குறைவதில்லை. காட்டை நம்பி வாழ்ந்த ஊருக்கோ எதுவும் திரும்புவதில்லை.

2022இல் வெளியான வனப் பாதுகாப்பு விதிகள் நியமகிரியில் பெற்ற வரிசைமுறையை மாற்றின. அதுவரை கிராம சபையின் சம்மதம் மத்திய அரசின் அனுமதிக்கு முன்பே வர வேண்டியிருந்தது. புதிய விதிகளின்படி மத்திய அரசு அனுமதி தந்துவிடலாம். வன உரிமைகள் தீர்க்கப்பட்டனவா என்பதைப் பார்க்கும் பொறுப்பு அதற்குப் பிறகு மாநில அரசுக்கு. 2004இல் ஆலையை முதலில் எழுப்பிவிட்டுச் சுரங்கத்தைக் கேட்டதால் என்ன நேர்ந்ததோ, அதே தலைகீழ் வரிசை இப்போது விதியாகிறது என்பதே பழங்குடி அமைப்புகளின் கவலை. அந்தக் கவலை நியாயமானது. தொழிலுக்கும் இதனால் நன்மையில்லை. சம்மதம் உறுதியாகுமுன் முதலீடு செய்பவர், லாஞ்சிகட்டில் நேர்ந்ததைப் போல, அருகில் கனிமம் இல்லாத ஆலையோடு நிற்கக்கூடும்.

சோதனை இப்போது நியமகிரிக்கு அருகிலேயே நடக்கிறது. ராயகடா, கலாஹண்டி எல்லையிலுள்ள சிஜிமலியில் சுமார் 31 கோடி டன் பாக்சைட் இருப்பதாக மதிப்பிடப்பட்டு, 2023இல் ஏலத்தில் வேதாந்தா தேர்வானது. அந்த ஆண்டு நடந்த பொது விசாரணைகளுக்கு முன்னும் பின்னும் எதிர்ப்பாளர்கள் பலர் கைது செய்யப்பட்டார்கள். டிசம்பரில் கிராம சபைகள் கூடிச் சம்மதித்ததாக அரசுப் பதிவு சொல்கிறது. அப்படி ஒரு சபை கூடவே இல்லை, கையெழுத்துகள் போலி என்று ஊர்மக்கள் புகார் செய்திருக்கிறார்கள். 2013இல் பன்னிரண்டு ஊர்களிலும் நீதித்துறை அதிகாரி ஒருவர் அமர்ந்து, பேசியவர் யார், என்ன பேசினார் என்பதைக் கண்ணால் கண்டார். சிஜிமலிப் புகாரைத் தீர்க்கவும் அந்த ஏற்பாடே போதும்: சபைகள் மறுபடி கூடட்டும், நீதிபதி ஒருவர் முன்னிலையில், குவியும் ஒடியாவும் தெரிந்த மொழிபெயர்ப்பாளரோடு, பாதிக்கப்படும் எல்லா ஊர்களிலும்.